கேசட்டில் விட்டுப்போன கண்ணி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறேழு வருடம் ஓடிவிட்டது. பெரிய வெள்ளிக்கு முன்னால் நாற்பது நாள் வரும் ஒவ்வொரு தபசு காலத்திலும் நோட்டை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், கிழித்து அடுப்பில் போடுவேன். எட்டாம் வகுப்போடு நின்று பஞ்சாலைக்குப் போனவனுக்கு எழுத்து ஓடாது என்பது ஒரு காரணம். மெய்யான காரணம் வேறு. எங்கள் ஊர்ப் புலம்பலைக் காகிதத்தில் எழுதக் கூடாது, பரிசுத்த வாரம் தவிர மற்ற நாளில் வாய்விட்டுப் பாடவும் கூடாது என்பது முறை. அதில் ஒரு பாதியை நான் முன்னமே மீறிவிட்டேன். மற்றப் பாதியையும் மீறத் தைரியம் வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

வில்லியனூருக்கு மேற்கே, வயலும் கரும்புமாக இருக்கிற கோயில் ஊர் எங்களுடையது. பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆண்டவர் சொரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, தூம்பா என்கிற பாடையில் கிடத்தி, தெரு சுற்றி வருவோம். பின்னால் வியாகுல மாதா வருவாள். மணி கிடையாது, மேளம் கிடையாது. மாதா மகனைப் பார்த்து அழுகிற புலம்பலை ஒருவர் பாடுவார். சனங்கள் ஒவ்வொரு கண்ணி முடிவிலும் ஒரே பதிலைச் சொல்லுவார்கள். கண்ணிகள் பாடுகிறவருக்குத்தான் முழுசாகத் தெரியும். மற்றவர்களுக்குப் பதில் மட்டும் தெரியும். எங்கள் குடும்பத்தில் அப்பாவுக்குப் பிறகு பதினான்கு வருடம் நான் பாடினேன்.

அதில் ஒன்பது கண்ணி உண்டு. இன்றைக்கு ஊரில் பாடுவது எட்டு. ஏழாவதைத் தொலைத்தவன் நான்தான்.

அந்த ஏழாவது கண்ணி என் வீட்டுக்காரிக்கு உரியது. அப்படி யாரும் பட்டயம் எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் இரண்டாவது பெண்குழந்தை பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும் அவள் அழவில்லை. அடுத்து வந்த பெரிய வெள்ளியில் நான் ஏழாவது கண்ணிக்கு வந்தபோது, பெண்கள் வரிசையிலிருந்து அவள் குரல் தனியாக எழும்பிப் பதில் சொன்னது. அப்புறம் வருடா வருடம் அப்படித்தான். மற்ற எட்டுக்கும் உதடு மட்டும் அசையும். அந்த ஒன்றுக்கு மட்டும் குரல் வரும். வீட்டில் நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அவளுடைய தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தான். எங்கள் பக்கத்தில் அந்நாளில் அது பெரிய காரியமில்லை, நாலு வீட்டுக்கு ஒரு சொல்தா உண்டு. குழந்தை இறந்தபோது அவன் எங்கேயோ ஆப்பிரிக்காவில் இருந்தான். கடிதத்தில் ஒரு வரி எழுதினோம், அவனும் ஒரு வரி பதில் எழுதினான். சில வருடம் கழித்து நீண்ட லீவில் வந்தவன், கையில் ஆளுயரப் பெட்டி ஒன்று கொண்டுவந்தான். உள்ளே நாலு தடித்த கம்பி போட்ட கிதார். அதோடு ஒரு சின்னத் தாளப் பெட்டி, பொத்தானை அழுத்தினால் தானாக டிரம்ஸ் அடிக்கும். பட்டாளத்தில் கறுப்பர்களோடு சேர்ந்து கற்றானாம். அந்த வாத்தியத்துக்கு ஃபங்க் என்று ஒரு சங்கீதம் உண்டு என்றான்.

"இன்னாடா மாப்ள அது, ஒரே கம்பியையே கிள்ளிக்கினு கெடக்குற?" என்று கேட்டேன்.

"மாமா, இதுல மொத அடிதான் எல்லாம். ஒண்ணுன்னு எறங்கணும். மிச்சத்தையெல்லாம் காத்துல வுட்டுடணும். கேளு."

கேட்டேன். மாட்டுக்கொட்டகையின் பக்கம் நின்றிருந்த எனக்கு முழங்கால் தானாக மடிந்தது. எங்கள் பக்கத்துச் சாவு மேளத்தில் அந்த எடுப்பை நான் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றையிலிருந்து நான் ஆர்மோனியத்தோடும் அவன் கிதாரோடும் உட்கார்ந்தோம். மாதா திருநாளுக்கென்று நான் கட்டி வைத்திருந்த பாட்டுகளை ஒவ்வொன்றாக அந்த அடியில் ஏற்றினான். ஆலை ஷிப்டு முடிந்து வந்து, குளித்துவிட்டு, ஜெபமாலை சொல்லிவிட்டு உட்காருவோம். உடம்பு அலுப்பாக இருக்கும். ஆனாலும் என் பாட்டு எனக்கே புதுசாகக் கேட்டது. அந்த ருசியை நான் மறைக்கப் போவதில்லை.

கேசட் போடலாம் என்று அவன்தான் சொன்னான். ஒன்பது பாட்டு தேறியது. பத்தாவதாகப் புலம்பலைக் கேட்டான்.

"அது ஆவாது. அத வேளை கெட்ட வேளையில எடுக்கக் கூடாது."

"மாமா, இத்தினி பாட்டுலயும் மெய்யான ஃபங்க்கு அதான். மத்ததெல்லாம் சோடா."

"முறைன்னு ஒண்ணு இருக்குதுடா."

"ஊருக்குள்ளதான முறை? மெட்ராஸ்ல பாடினா ஊருக்குள்ள பாடின மாதிரியா?"

இந்த வாதத்துக்கு நான் மசிந்தேன். மசிய வேண்டும் என்று உள்ளுக்குள் எனக்கே ஆசை இருந்தது. இல்லாவிட்டால் இது ஒரு வாதமா?

ஆடி மாதத்தில் ஒரு நாள் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு மெட்ராஸ் பஸ் ஏறினோம். கிதார் பெட்டியைப் பார்த்த கண்டக்டர், "இன்னாபா இது, குள்ளமான ஆளு யாரையாவது அடைச்சி வெச்சிக்கிறீங்களா? ஆளா இருந்தா டிக்கெட்டு, பொணமா இருந்தா லக்கேஜு" என்றார். பஸ்ஸே சிரித்தது. திண்டிவனம் வரை பெட்டியை நட்டநடுவில் நிறுத்தி இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டே போனோம்.

ஸ்டுடியோ ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்தது. சுவரெல்லாம் கோணி ஒட்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் கருவி மாட்டிக்கொண்டு ஒரு ரெக்கார்டிங்காரர், மெல்லிய குரல்காரர். காலையில் ஆரம்பித்து ஒன்பது பாட்டையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முடித்தோம். பத்தாவது புலம்பல். சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். ஆறாவது கண்ணி முடிந்ததும் அவன் கிதாரைத் தனியாக விட்டான். ஒத்திகையில் அப்படி வாசித்ததில்லை. அந்த அறையில் ஏதோ ஒன்று நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பாட்டு முடிந்தது. அப்புறம் ரெக்கார்டிங்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், ஒரு பக்கத்துக்கு அரை மணிதான். கொஞ்சம் மிஞ்சுது. அந்த கிதார் தனியா வர்ற எடத்த எடுத்துடலாமா? இல்லன்னா அதுக்கு அடுத்தாப்ல வர்ற கண்ணிய எடுத்துட்டாலும் சரியா வந்துடும். வெட்டுனது தெரியாம ஒட்டிடுவேன்."

அவன் என்னைப் பார்த்தான். "நீ சொல்லு மாமா. பாட்டு உன்னுது."

கிதாருக்கு அடுத்து வந்தது ஏழாவது கண்ணி. மற்ற கண்ணி ஏதாவது ஒன்றை வெட்டச் சொல்லியிருக்கலாம், ஒட்டுவது கஷ்டம் என்பார், கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மத்தியானச் சோறு வயிற்றில், வந்த பஸ்ஸின் ஆட்டம் இன்னும் உடம்பில், திரும்பிப் போகிற பஸ்ஸின் நினைப்பு தலையில். அதெல்லாம் சாக்கு. அந்தக் கிதார் இருந்தால் கேசட்டை எல்லாரும் மெச்சுவார்கள் என்று என் மனசு சொன்னது. அவள் முகம் நினைவுக்கு வந்தது. வந்ததையும் தள்ளினேன்.

"கண்ணியவே எடுத்துடுங்க சார்" என்றேன்.

அவனுக்கு அது யாருடைய கண்ணி என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்தக் கண்ணி இதுதான். இங்கேயே எழுதிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் மறுபடியும் மனசு மாறும். இதை எழுதுவது பரிசுத்த வாரம் புதன்கிழமை.

தொட்டில் கட்டி ஆட்டயிலே தூங்கலியே என் மகனே
கட்டையிலே கண்வளந்தாய், கட்டையிலே என்ன சுகம்?
இட்ட துணி ஈரமின்னா எடுத்து மாத்தித் தருவேனே
ஒட்டிப்போன ரத்தத்துணி உருவ ஒரு கை இல்லையே

இதற்குச் சனங்கள் சொல்லும் பதில்: ஆராரோ சொல்லவோ, அழுதுதான் தீக்கவோ.

கேசட் பெட்டி பெட்டியாக வந்தது. அட்டையில் நாங்கள் இரண்டு பேரும். அவன் பெரிய காலர் சட்டையில், நான் கல்யாணத்துக்கு எடுத்த கோட்டில், பின்னால் மாதா படம். முதலில் பங்குச் சாமியாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் அறையில் போட்டுக் கேட்டார். மேசைக்கு அடியில் அவர் செருப்பு தாளம் போட்டதை நான் பார்த்தேன். "சுரத்தா இருக்கு. நல்லா இருக்கு. கோயிலுக்குள்ள மட்டும் வேணாம்" என்றார். மறைமாவட்டத்துப் பத்திரிகை ஒன்றில் இரண்டு வரி வந்தது: முயற்சி பாராட்டத் தக்கது, தாளம் மிகுதி. டவுனில் கேசட் கடை வைத்திருந்தவர் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திருப்பித் தந்தார். "இன்னா பண்றது சொல்லுங்க. பக்தி கேக்குறவன் இத டிஸ்கோன்றான். டிஸ்கோ கேக்குறவன் பக்தின்றான். நான் எந்தத் தட்டுல வெக்கிறது?"

வாலிபர்களுக்குப் பிடித்தது. வயல் வரப்பில், டிராக்டரில், டீக்கடையில் என்று பாட்டு திரிந்தது. வேற்று மதத்துக்காரர்களுக்கு இன்னும் பிடித்தது, அவர்களுக்கு வார்த்தை உறுத்தவில்லை.

வீட்டில் அவள் ஒரே ஒரு தடவைதான் முழுசாகக் கேட்டாள். தம்பி லீவு முடிந்து பிரான்சுக்குத் திரும்பிப் போன மறுநாள் அது. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். புலம்பல் வந்தபோது கை நின்றது. ஆறாவது கண்ணி முடிந்து கிதார் வந்தது. கிதாரை முழுசும் பொறுமையாகக் கேட்டாள். அடுத்தது எட்டாவது வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"எங்க அது?"

"டேப்புல எடம் பத்தலடி."

"எடம் பத்தலயா" என்றாள். அப்புறம் புடைக்க ஆரம்பித்தாள். கல் பொறுக்கினாள்.

தை மாதத்தில் விஷயம் முற்றியது. அரியூர்ப் பக்கத்து மைக்செட்காரர் ஒருவர், நல்ல மனுஷர், செலியமேட்டில் ஒரு விவசாயி வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கள் கேசட்டைக் கொண்டுபோயிருக்கிறார். மாப்பிள்ளை ஊர்வலத்தில் இரண்டாம் பக்கத்தைப் போட்டதும் வாலிபர்கள் இறங்கி ஆடியிருக்கிறார்கள். அதிலும் புலம்பலுக்குத்தான் ஆட்டம் அதிகம், திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்களாம். அங்கே விருந்துக்குப் போயிருந்த எங்கள் ஊர்க்காரி ஒருத்தி புலம்பலின் பதில் வரியைக் கேட்டுவிட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். இது சாவு வீட்டுப் பாட்டு என்று பெண் வீட்டாருக்குத் தெரிந்து அங்கேயும் சலசலப்பு. அந்தக் கல்யாணப் பெண் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள், மூன்று பிள்ளைகள். ஆனால் அன்றைக்கு யார் அதைக் கண்டார்கள்?

ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கோயில் வாசலில் என்னை நிறுத்தினார்கள். கத்தவில்லை.

"மாதா அழுவுறாளா ஆடுறாளான்னே தெரியலபா" என்றார் ஒருவர்.

"சனங்க ஆடினதுக்கு அவன் இன்னா பண்ணுவான்" என்றார் இன்னொருவர்.

"ஆடி மாசத்துல ஒப்பாரி எடுத்தவன் அவன்தான?"

இந்த வருடம் நீ பாட வேண்டாம் என்றார்கள். சரி என்றேன். எனக்குப் பதிலாக ஒரு கொத்தனாரைச் சொன்னார்கள். நல்ல சாரீரம், பயபக்தி உள்ளவர். ஆனால் கண்ணிகள் அவருக்குத் தெரியாது. என்னிடம்தான் கேட்டிருக்க வேண்டும். தள்ளி வைத்தவனிடம் போய்க் கேட்பது அவருக்குச் சங்கடம். நானாகப் போய்ச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். எனக்கு ரோஷம். கடைசியில் அவர் மைக்செட்காரர் கடையில் உட்கார்ந்து கேசட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டுப் படித்திருக்கிறார். இது எனக்குப் பின்னாலேதான் தெரியும்.

அந்தப் பெரிய வெள்ளி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் ஆண்கள் வரிசையில் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். கொத்தனார் தாளத்தையெல்லாம் தள்ளிவிட்டு இழுத்து நிதானமாகப் பாடினார். நன்றாகவே பாடினார். ஆறாவது முடிந்தது. அவர் நின்றுவிட்டார். பாடை தூக்கியவர்களும் நின்றார்கள். கேசட்டில் அங்கே கிதார் வரும் அல்லவா, வாத்தியம் கூடாத நாள் என்பதால் அந்த நேரத்தை அவர் சும்மா விட்டிருக்கிறார். சனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னால் இருந்த ஒரு அம்மாள் இது ஏதோ மௌன ஜெபம் என்று எண்ணி நடுத்தெருவில் முழங்காலிட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். பிறகு தெரு முழுக்க முழங்காலில். அப்படி ஒரு அமைதியை எங்கள் தெரு கண்டதில்லை. அப்புறம் அவர் எட்டாவதை எடுத்தார், எல்லாரும் எழுந்தார்கள்.

பெண்கள் வரிசையைப் பார்த்தேன். எல்லாரும் எழுந்த பிறகும் என் வீட்டுக்காரி ஒருத்தி எழ நேரமாயிற்று.

"கொஞ்சம் சின்னதா முடிஞ்ச மாரி இருக்குதே" என்று ஒரு பெரியவர் சொன்னார். அதற்கு மேல் யாரும் தேடவில்லை. மறுவருடமும் முழங்காலிட்டார்கள். அதற்கும் மறுவருடம் புதிதாக வந்த பங்குச் சாமியார் அந்த மௌனத்தைப் பற்றியே பிரசங்கம் வைத்தார், முன்னோர்கள் வைத்துவிட்டுப் போன மௌனம் என்றார். பக்கத்து ஊர்களிலிருந்து அதைப் பார்ப்பதற்கென்றே வர ஆரம்பித்தார்கள். நான் சாமியாரிடம் தனியாகப் போய், "சாமி, அது கிதார் வர்ற எடம்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கவில்லை அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆண்டவர் அதையும் எடுத்துக்கிட்டார்னு வெச்சுக்குங்க" என்றார். கொத்தனாரிடமும் சொன்னேன். "அண்ணே, மன்னிச்சுக்கோ, எனக்குத் தெரியாது. ஆனா இப்ப அதுல பாட்டு வெச்சா, சனங்க முட்டி போட்டுட்டு இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஒரு நாள் அவளிடம், "வேணும்னா வூட்டுல ஒருதரம் பாடட்டுமா?" என்றேன்.

"வேணாம். வேளை கெட்ட வேளையில பாடி ஆனது போதும்."

போன வருடம் கொத்தனாருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. பெரியவர்களில் மிஞ்சியிருந்தவர் வீட்டுக்கே வந்து, பழையதை விடு, இந்த வருடம் நீயே பாடு என்றார். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஏழாவதைச் சேர்த்துவிட வேண்டும் என்று நாற்பது நாளும் ஜெபம் செய்தேன். அவளிடமும் சொன்னேன், சாமியாரிடமும் சொல்லிவிட்டேன், சாமியார் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் ஆறு கண்ணி பாடினேன். குரல் பழைய குரல் இல்லை. ஆறாவது முடிந்ததும் தெருவே முழங்காலில் இறங்கியது. ஏழாவதுக்கு மூச்சை இழுத்தேன். அப்போது பெண்கள் பக்கம் பார்த்தேன். அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் எனக்கு எட்டவில்லை, ஆனால் வார்த்தை தெரிந்தது, தொட்டில் கட்டி என்கிற அந்த வார்த்தை. அந்த மௌனத்துக்குள் அவள் தன் கண்ணியைத் தானே பாடிக்கொள்கிறாள், இத்தனை வருடமும் இப்படித்தான் பாடிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, அதில் போய் என் குரலை நுழைக்கக் கூடாது என்று நினைத்தேன். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன். அவள் வாய் நிற்கிறவரை காத்திருந்துவிட்டு எட்டாவதை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கஞ்சி ஊற்றி வைத்தாள். நான் கையலம்பிவிட்டு உட்கார்ந்தேன்.

"இன்னாத்துக்குப் பாடல?"

"நீ பாடிக்கினு இருந்தியே. அதான் வுட்டுட்டேன்."

"நான் எங்க பாடினேன்? இத்தினி வருசமா ஒரு நாளும் பாடல. உனுக்கு மறந்துருக்குமோன்னு மொத வார்த்தைய எடுத்துக் குடுத்தேன். திரும்பத் திரும்ப எடுத்துக் குடுத்தேன். நீ வாங்கல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். கஞ்சி ஆறுது, குடி என்றாள்.

இந்த வருடம் பாட எனக்கு மூச்சு இல்லை. டாக்டர் பஞ்சுத் தூசி என்கிறார். கொத்தனாரும் சரியாகவில்லை. நாளை மறுநாள் ஒரு வாலிபர் பாடப் போகிறார். அவரும் கேசட்டில்தான் படித்திருக்கிறார். அதனால்தான் முறை கெட்டாலும் எழுதுகிறேன். இதில் ஒரு நகலை இன்று சாயங்காலம் அவரிடம் கொடுக்கப் போகிறேன். முழங்காலில் இருந்தபடியே பாடட்டும், சனங்கள் முழங்காலில் இருந்தபடியே பதில் சொல்லட்டும். அவர் பாடுவாரா மாட்டாரா என்பது என் கையில் இல்லை. இந்த ஒரு தடவை அவளிடம் முன்கூட்டி எதுவும் சொல்லப் போவதில்லை.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுதல். யாருக்காவது இதைச் சொல்ல நேர்ந்தால் உள்ளபடியே சொல்லுங்கள். அந்த மௌனத்தை யாரோ ஒரு புனிதர், ஒரு அர்ச்சியசிஷ்டர், கொண்டுவந்தார் என்று ஆக்கிவிடாதீர்கள். என் மைத்துனன் கெடுத்தான் என்றும் சொல்லாதீர்கள், அவன் வாசித்தது நல்ல வாசிப்பு. என்னை நல்லவனாக்கவும் வேண்டாம், இதைவிடக் கெட்டவனாக்கவும் வேண்டாம். நீளம் என்று தோன்றினாலும் ஒரு வரியையும் எடுக்காதீர்கள். சேசு மரி சூசை துணை.